மிதிக்காமல் எவ்வளவு தூரம்

ஐந்தாம் கல்லுக்கும் ஆறாம் கல்லுக்கும் நடுவே தெய்வநாயகியின் சைக்கிள் நின்றுவிட்டது. காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தாள். பாலத்து உச்சியிலிருந்து ஜாக்குலின் வந்துகொண்டிருந்தாள். முன்னால் கூடை, பின்னால் கேரியர், மட்கார்டு ஆடும் பழைய லேடீஸ் சைக்கிள். பின்சக்கரம் டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்கியதுபோல் கரகரத்தது. அதன்மேல் ஜாக்குலின், வடகம் காயவைத்துவிட்டுக் காக்கைக்குக் காவல் உட்கார்ந்தவள்போல, இரண்டு காலையும் தளரவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் கல்லைத் தாண்டினாள்.

"இன்னா தெய்வா, இங்கியே நின்னுட்ட?" என்று கேட்டுக்கொண்டே கடந்து போனாள். ஆறாம் கல்லையும் தாண்டினாள்.

அந்தக் கேள்வியில் கேலி இருந்திருந்தால் தெய்வநாயகிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஜாக்குலின் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஏழாம் கல்லில் போய் மெதுவாக நின்று, கூடையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். இப்படி நடப்பது தொடர்ந்து நான்காவது ஞாயிற்றுக்கிழமை.

கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து ஞாயிறு விடிந்ததும் ஆறு பெண்கள் மாமல்லபுரத்துக்கு சைக்கிளில் கிளம்புவார்கள். வழியில் உப்பங்கழிக்கு மேலே ஒரு பாலம் இருக்கிறது. அவர்களுக்குள் அதன் பெயர் கழிப்பாலம். பாலத்து உச்சியில் ரோட்டுக்குக் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை ஓடும். அதன்மேல் முன்சக்கரத்தை வைத்து ஒவ்வொருவராகக் கிளம்பவேண்டும். காலால் ஒரே ஓர் உந்து. அதற்குப் பிறகு பெடலை மிதிக்கக்கூடாது. சைக்கிள் எங்கே நிற்கிறதோ அங்கேயே காலை ஊன்றிக் கடைசி ஆள் வரும்வரை நகராமல் நிற்கவேண்டும். ரோட்டோரம் கறுப்பு வெள்ளை அடித்த கற்கள் வரிசையாக இருப்பதால் தூரத்தில் தகராறு வராது. அதிகத் தூரம் போனவள் அன்றைக்கும் அடுத்த வாரம் பாலம் வருகிறவரைக்கும் 'முன் சைக்கிள்'. வேகம் அவள் வைப்பது. எந்தக் கடையில் டீ, கடற்கரைக்கா கோயில் பக்கமா, எத்தனை மணிக்குத் திரும்புவது, எல்லாம் அவள் சொல்வதுதான். மற்ற ஐந்து பேரும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு வரவேண்டும்.

இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவளே தெய்வநாயகிதான். மூன்று வருடமாக முன் சைக்கிளும் அவள்தான். ஆறாம் கல் அவள் கல் என்றே பெயர் வாங்கியிருந்தது.

செங்கல்பட்டில், ரயில்வே லைனில் கேங்மேன் வேலை பார்த்தவரின் ஐந்து பெண்களில் அவள் நான்காவது. நான்காவது பெண்ணுக்கு எதுவும் முதலில் வராது. பாவாடை மூன்று இடுப்பைப் பார்த்துவிட்டு வரும். பாடப்புத்தகத்தில் விடைகள் முன்பே எழுதப்பட்டிருக்கும், அதுவும் தப்பாக. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பில் சேர்ந்தபோது வகுப்பில் இரண்டே பெண்கள். மற்றவள் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு வாங்கினாள் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து, அடுத்த பரீட்சையில் தொண்ணூற்றைந்து வாங்கியவள். இப்போது நாற்பத்தாறு வயது. ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் பட்டறையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருபத்து நான்கு வருட சர்வீஸ். லேத்தில் கடைந்து வரும் ஒவ்வோர் உருப்படியையும் மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்து, சரியென்றால் பச்சைச் சீட்டு, இல்லையென்றால் சிவப்புச் சீட்டு ஒட்டுவாள். எப்பேர்ப்பட்ட கடைசல்காரரும் அவள் மேசைமுன் நின்று அந்தச் சீட்டுக்காகக் காத்திருக்கவேண்டும்.

பொறாமை அவளுக்குப் பழகின சரக்கு. அதை ஒளித்துவைக்கும் பழக்கமும் அவளுக்கில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் முருங்கை அதிகமாகக் காய்த்தால் நான்கு நாள் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்கமாட்டாள். ஆனால் அதிலெல்லாம் ஒரு நியாயம் இருந்தது. முருங்கைக்காரி தினம் காலையில் தண்ணீர் ஊற்றினாள், தொண்ணூற்று நான்குக்காரி கண்விழித்துப் படித்தாள். இந்த ஜாக்குலின் என்ன செய்தாள்?

ஜாக்குலின் ராயபுரத்துக்காரி. ஐம்பது வயதிருக்கும். ஆறு மாதம் முன்பு டவுன்ஷிப் வங்கிக் கிளைக்கு மாற்றலாகி வந்தாள். சைக்கிள் அவள் மகள் பள்ளிக்கூடம் போன சைக்கிள். டயருக்குக் காற்றடிப்பது யாராவது சொன்னால்தான். எண்ணெய் என்ற பொருள் அந்தச் சங்கிலியில் பட்டு வருடங்கள் இருக்கும். தெய்வநாயகியோ சம்பளம் சேர்த்து வாங்கிய கியர் சைக்கிளைச் சனிக்கிழமைதோறும் பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைப்பவள். முதல் ஐந்து மாதம் ஜாக்குலினுக்குப் பாலமே ஏற வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தாள். ஏறக் கற்றுக்கொண்டதும், போன மாதம், ஒரு நாள் சும்மா விட்டாள். சைக்கிள் ஆறாம் கல்லைத் தாண்டிப் போய்விட்டது.

அதைவிட மோசம், அவள் முன் சைக்கிளானதும் நடந்தவை. மாட்டுவண்டி வேகம். பதினைந்து கிலோமீட்டருக்கு மூன்று இடத்தில் டீ. கூடையிலிருந்து பிஸ்கட். புதுப்பட்டினத்தில் துணிக்கடை வைத்திருக்கும் ஷஹர்பானு, மூன்று வருடம் தெய்வநாயகியின் பின்னால் வாய் திறக்காமல் மூச்சிரைக்க ஓட்டியவள், இப்போது ஜாக்குலின் பக்கத்தில் சேர்ந்துகொண்டு சிரித்துச் சிரித்து ஓட்டினாள். இத்தனை நாளும் அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே தெய்வநாயகிக்குத் தெரியாது.

அந்த நான்காவது ஞாயிறு வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைக் கூடத்தில் தலைகீழாகக் கவிழ்த்தாள். முன்சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அதைப் பிடித்திருக்கும் முன்கவையின்மேல் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே மெல்லிய நறநறப்பு. பல்லிடுக்கில் மணல் மாட்டியதுபோல. பின்சக்கரத்திலும் அதே சத்தம். கடற்காற்றும் உப்பும் நான்கு வருடமாகச் செய்த வேலை. அச்சைச் சுற்றி உருளும் எஃகுக் குண்டுகள், பால்ரஸ், போய்விட்டது.

அவளுக்குப் பெரிய சந்தோஷம். தோற்றது அவள் இல்லை, சைக்கிள். சைக்கிளைத் திறந்து பார்த்துக் குற்றவாளியைப் பிடித்துவிடலாம்.

அடுத்த சனிக்கிழமை கூடத்து மொசைக் தரையில் நான்கு நாளிதழ் விரித்தாள். கணவர் சுப்புராமன் பேப்பரில் படிக்காத பக்கம் இருக்கிறது என்று முனகிவிட்டு உள்ளே போனார். அவர் அதே நிறுவனத்தில் விஞ்ஞானி. அலுவலகத்தில் மணிக்கணக்கில் பேசுவாராம், வீட்டில் அதைக் கேட்டவர் இல்லை. தெய்வநாயகி நட்டைக் கழற்றிச் சக்கரத்தை எடுத்தாள். கூம்புபோல் இருக்கும் கோனைத் தட்டை ஸ்பேனரால் பிடித்துத் திருப்பி, அச்சை வெளியே இழுத்தாள். கறுத்த கிரீஸில் புதைந்து குண்டுகள் வந்தன. முன்சக்கரத்தில் இருபது சின்னக் குண்டு, பின்சக்கரத்தில் பதினெட்டுப் பெரிய குண்டு. ஒன்று சோபாவுக்கு அடியில் ஓடியது. விளக்குமாற்றுக் குச்சியால் மீட்டாள். டீ வடிகட்டியில் போட்டு மண்ணெண்ணெயில் அலசினாள்; குண்டுகள் வெள்ளி மணிபோல் வெளுத்தன.

மற்றவர்களாக இருந்தால் அவற்றை அப்படியே குப்பையில் கொட்டிவிட்டுப் புதிதாக முப்பத்தெட்டும் வாங்கிப் போட்டிருப்பார்கள். அரை டீக் காசு. சைக்கிள் கடையில் உதவிக்கு நிற்பவனுக்குக்கூட அது தெரியும். ஆனால் தெய்வநாயகி இருபத்து நான்கு வருடமாக இன்ஸ்பெக்டர். அளக்காமல் ஒரு பொருளை நிராகரிப்பது அவள் கைக்கு வராது. பீரோவிலிருந்து சொந்த மைக்ரோமீட்டரை எடுத்தாள். முப்பத்தெட்டுக் குண்டையும் ஒவ்வொன்றாகப் பிடித்து அளந்து, நோட்டில் எழுதி, தேய்மானத்துக்கு ஓர் எல்லை வைத்தாள். முப்பத்தொன்று எல்லைக்குள் இருந்தன. ஏழு தேறவில்லை. அந்த ஏழு குண்டை மட்டும் மாற்றினாள்.

புதுக் கிரீஸை வழித்துவைத்து, புருவம் திருத்தும் இடுக்கியால் குண்டுகளை வரிசையாக ஒட்டவைத்து, கோனைத் திருகி மூடினாள். சுழற்றிப் பார்த்தபோது ஓரிடத்தில் இறுக்கமாகவும் இன்னோரிடத்தில் ஆட்டமாகவும் பட்டது. புதுக் கிரீஸ், ஓடினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். வேறொருவரின் உருப்படியாக இருந்திருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தாம் கல்லுக்கே வந்து சேரவில்லை. நான்காம் கல்லைத் தாண்டியதும் சைக்கிள் முக்கி முனகி நின்றது. அவள் நின்ற இடத்தைக் கடந்து மற்ற ஐந்து பேரும் போனார்கள், ஒவ்வொருவராக. முட்டிவலிக்காரியான ஷஹர்பானுகூடப் போனாள். ஜாக்குலின் வழக்கம்போல ஏழாம் கல்.

டீக்கடையில் ஜாக்குலின் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைத் தனியாக எடுத்து நீட்டினாள். "சக்கர போடாதது. ஒனக்குன்னே வாங்கினு வந்தேன். ஒன் ஒடம்புக்கு ஒத்துக்கணும் இல்ல?"

தெய்வநாயகி ஒன்றை எடுத்துக் கடித்தாள். நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினாள். பழைய பஸ் நிலையம் பக்கம் ஜெயினுலாபுதீன் பாய் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். பள்ளியில் அவளுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். அவள் நோட்டைப் பிரித்து அளவுகளைக் காட்டினாள். பாய் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன.

"இன்னாம்மா இது, முப்பத்தொண்ணு பழசு, ஏழு புதுசா? ஒரே சக்கரத்துலயா போட்ட?"

அளந்துதான் போட்டேன் என்றாள் தெய்வநாயகி.

"அளந்த. யாரு இல்லேன்னா? பத்து பேரு ஒரு படகத் தோள்ல தூக்கினு போறாங்கோன்னு வெச்சுக்க. அதுல மூணு பேரு மட்டும் ஒரு ஜாண் ஒசரம். வெயிட்டு யாரு தலைல வுழும்? ஒசரமானவன் மூணு பேரும் செத்தான். மத்த ஏழு பேரும் சும்மா கைய வெச்சுகினு பேசிகினே வருவானுங்கோ."

கடையில் டியூப் வாங்க வந்து நின்ற ஆள் வேறு சிரித்துவிட்டான். தெய்வநாயகிக்குக் காது மடல் சுட்டது. ஒன்றோடொன்று ஒத்துப்போவதுதான் குண்டுக்கு அளவு என்பது அவளுக்குத் தெரியாததில்லை. அலுவலகத்தில் அவள் சோதிக்கும் பேரிங்கில் ஒரு குண்டு போனால் முழுதையும்தான் ஒதுக்குவார்கள். வீட்டுத் தரையில் உட்கார்ந்ததும், ஏழாம் கல் கண்முன் நின்றதும், அது எங்கேயோ போய்விட்டிருந்தது. முப்பத்தெட்டுக் குண்டும் நான்கு கோனும் வாங்கினாள். பழைய கோனில் குண்டு ஓடிய தடத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குக் குழி இருக்கும், பார் என்றார் பாய். போய்ப் பார்த்தாள். இருந்தது.

இரண்டாம் தடவை வேலை அழகாக வந்தது. முன்சக்கரத்தைக் கையிலே தூக்கிப்பிடித்துச் சுழற்றினாள். சத்தமே இல்லை. வெகுநேரம் ஓடி, வேகம் குறைந்து, நின்றுவிடப்போகிறது என்று நினைத்தபோது பின்பக்கமாகத் திரும்பி ஆடியது; காற்றடிக்கும் வால்வின் எடைக்கே சக்கரம் தொட்டில்போல இங்கும் அங்கும் அசைந்து, வால்வு கீழே வந்ததும் ஓய்ந்தது. சுப்புராமனைக் கூப்பிட்டு மூன்று முறை காட்டினாள். மூன்று முறையும் அவர் நன்றாயிருக்கிறது என்றார். இன்னும் எதையோ சொல்ல வந்ததுபோல் நின்றார், பிறகு போய்விட்டார்.

அந்த ஞாயிறு ஆறாம் கல்லைத் தொட்டாள். தொட்டதோடில்லை, ஒரு முழம் தாண்டினாள். மூன்று வருடத்தில் அவள் சைக்கிள் இவ்வளவு லேசாக ஓடியதில்லை. காலை ஊன்றி நின்றபோது கழியிலிருந்து வந்த காற்றில்கூட நாற்றம் தெரியவில்லை.

பின்னால் கரகரவென்று கேட்டது.

ஜாக்குலின் அவளைக் கடந்தாள். ஏழாம் கல்லையும் கடந்தாள். ஒன்றரைச் சைக்கிள் நீளம் கடந்து நின்றாள். நோட்டில் தூரம் எழுதுகிற ரோகிணி, ஆறு பேரில் சின்னவள், "ஜாக்குலினக்காவுக்குப் புது ரெக்கார்டு" என்று கத்தினாள்.

எல்லாரும் சேர்ந்து நின்றபோது ஜாக்குலின் குனிந்து தெய்வநாயகியின் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் பார்த்தாள். "பூன நடக்கிறா மாதிரி கீது. என்துல பாரு, தெருவே எழுந்துக்குது. எதிர் வூட்டுக்காரம்மா கேக்குறாங்க, மாவு மிஷின் வெச்சிருக்கியான்னு. தெய்வா, என்தையும் கொஞ்சம் பாத்துத் தர்றியா? கடைல குடுத்தா ரெண்டு நாள் வெச்சுக்குறான்."

மற்ற நான்கு பேரும் தெய்வநாயகியைப் பார்த்தார்கள். அவள் சரி என்றாள். இரக்கத்தால் இல்லை. அந்தச் சக்கரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அவளால் இனித் தூங்கமுடியாது.

சனிக்கிழமை பார்த்தாள். அச்சை இழுத்ததும் தார்போல ஒன்று வழிந்தது. ஒன்பது குண்டு இருக்கவேண்டிய பக்கத்தில் ஏழுதான் இருந்தன. அதில் ஒன்று பிளந்து அரைக் கடலையாகக் கிடந்தது. கோன், எலி கடித்த சோப்பாக இருந்தது. தெய்வநாயகி அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்தச் சக்கரம் தன்னை ஐந்து வாரம், அல்ல, ஆறு வாரம் தோற்கடித்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டு இவள் ஏழாம் கல்லுக்குப் போனாள் என்றால், சரிசெய்துவிட்டால் எங்கே போவாள்?

ஆனாலும் கை தன் வேலையைச் செய்தது. துடைத்தாள், புதுக் குண்டுகளை எண்ணி ஒட்டினாள், புதுக் கோனைப் போட்டாள். இனிக் கோனை எவ்வளவு இறுக்குவது என்பதுதான் பாக்கி. தளர்ந்தால் சக்கரம் ஆடும், இறுகினால் குண்டு நெரியும். நடுவே ஓரிடம் உண்டு. அங்கே கொண்டுவந்து நிறுத்தினாள். சுழற்றினாள். சக்கரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் சக்கரத்தைவிட நல்ல ஓட்டம்.

ஸ்பேனர் கையிலேயே இருந்தது. கோனைக் கால் திருப்பு முன்னால் திருப்பி இறுக்கினாள். சுழற்றினாள். நான்கு சுற்றில் நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஜாக்குலினுக்கு நிச்சயமாகத் தெரியாது. சத்தம் போய்விட்டது என்று கும்பிடு போடுவாள்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே சுப்புராமன் வந்தார். மோடாவை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தது அவளுக்கு வினோதமாக இருந்தது.

"தெய்வா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"கோச்சுப்பேன். சொல்லுங்க."

"பால்ரஸ் மட்டும் காரணம் இல்ல. போன வருஷம் சுகர் வந்ததுலேருந்து நீ பதினோரு கிலோ கொறஞ்சிருக்க. அந்தம்மா உன்னைவிட முப்பது கிலோவாவது கூட இருப்பாங்க. எறக்கத்துல இழுக்கறது எடை. எதிர்ல தடுக்கறது காத்து. காத்து உங்க ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அவங்க கூடத்தான் போவாங்க."

மருத்துவப் பரிசோதனையில் எல்லாரும் தெய்வநாயகியைப் பாராட்டியதும், தையற்காரர் சுடிதாரை இரண்டு தடவை பிடித்துக் கொடுத்ததும், கண்ணாடி முன் அவளே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. அப்போதெல்லாம் ஒவ்வொரு கிலோவாக அவள் பாலத்தைத் தொலைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொத வாரத்துலேயே."

"அப்பவே ஏன் வாயத் தொறக்கல?"

"நீ பால்ரஸ்னு சொன்ன. பால்ரஸும் தேஞ்சுதான் இருந்துது. அதுவும் இல்லாம, வீட்ல எடையப் பத்திப் பேசற தைரியம் எனக்கு எப்ப இருந்துது?"

வேண்டுமானால் கேரியரில் இரண்டு கேன் தண்ணீர் கட்டிக்கொண்டு போ, பௌதிகத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அது விளையாட்டுப் பேச்சு. அவள் ஒரு முழு நிமிடம் அதை விளையாட்டில்லாமல் யோசித்தாள். பிறகு ஷஹர்பானு அந்தக் கேன்களைப் பார்த்துச் சிரிக்கப்போகும் சிரிப்பை நினைத்து விட்டுவிட்டாள்.

கால் திருப்பு இன்னும் சக்கரத்தில் இருந்தது. இப்போது அதன் மதிப்பு கூடிவிட்டது. நியாயமாக ஓடினால் அவள் இனி ஜெயிக்கப்போவதே இல்லை. இந்தக் கால் திருப்பு ஒன்றுதான் அவளிடம் மிச்சம்.

சக்கரத்தை மறுபடி சுழற்றினாள். நான்கு சுற்று. மறுபடியும் நான்கு. நாளைக்கு டீக்கடையில் யாராவது சும்மா இதைக் கையால் சுழற்றிப் பார்ப்பார்கள். ரோகிணிக்கு அந்தப் பழக்கம் உண்டு. தெய்வநாயகி சைக்கிளையும் பக்கத்தில் நிறுத்திச் சுழற்றுவாள். தெய்வாக்காவுடையது தொட்டிலாடும், தெய்வாக்கா செய்து கொடுத்தது நான்கு சுற்றில் நிற்கும். இவ்வளவுதானா இந்தம்மா வேலை என்று நினைப்பார்கள். இப்போதைக்கு ஜாக்குலினிடம் இல்லாதது, அவளால் எடைபோட்டும் வாங்கமுடியாதது இந்த வேலை ஒன்றுதான். அதையும் கெடுத்துக்கொண்டு ஜெயிக்கவேண்டுமா?

ஜாக்குலின் மேல் பொறாமை பெரிதாகத்தான் இருந்தது. தன் கைவேலை மேல் இருந்த கர்வம் அதைவிடக் கால் திருப்பு அதிகமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கோனைப் பின்னால் திருப்பினாள். போதாதென்று, எரிச்சல் தாங்காமல், முன்சக்கரத்தையும் பிரித்து அதையும் சரிசெய்தாள். சங்கிலிக்கு எண்ணெய் விட்டாள். ஆடும் மட்கார்டை முடுக்கினாள். காற்றடித்தாள்.

மறுநாள் கழிப்பாலத்தில் ஐந்து பேர் போய் முடித்து அவரவர் கல்லருகே நின்றார்கள். தெய்வநாயகி ஆறாம் கல். கடைசியாக ஜாக்குலின். இந்த முறை முன்கூட்டியே தெரியப்படுத்தும் சத்தம் எதுவும் வரவில்லை. தெய்வநாயகி திரும்புவதற்குள் பக்கத்தில் காற்று அசைந்தது. ஜாக்குலினின் நீலத் துப்பட்டா கடந்து போனது. ஏழு. எட்டு. "நிக்க மாட்டேங்குது" என்று ஜாக்குலின் பயந்த குரலில் சொல்வது கேட்டது. ஒன்பதாம் கல்லையும் தாண்டி, இறால் பண்ணை கேட் முன்னால் போய்த்தான் நின்றது. அங்கே யாரும் இதுவரை மிதிக்காமல் போனதில்லை. ரோகிணியின் நோட்டில் அதற்கு இடமே இல்லை. பக்கத்தின் ஓரத்தில் எழுதினாள்.

கைதட்டல் எழுந்தது. தெய்வநாயகியும் தட்டினாள். அவள் தட்டியது சைக்கிளுக்கு.

ஜாக்குலின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தாள். முகமெல்லாம் வேர்வை. "எல்லாம் தெய்வா பண்ணதுமா. நான் சும்மா உக்காந்துனு வந்தேன்" என்று எல்லாரிடமும் சொன்னாள். அவளுக்குப் பெருந்தன்மை என்பது முயற்சியே இல்லாமல் வந்தது, ஏழாம் கல் வந்ததுபோல. அதைப் பார்த்தும் தெய்வநாயகிக்கு வயிறு எரிந்தது.

"ரோகிணி, அந்த நோட்ட இப்பிடிக் குடு" என்றாள். ஜாக்குலின் பெயர் எழுதிய இடத்துக்குக் கீழே பேனாவை அழுத்தி எழுதினாள்: சக்கரம் கட்டியது, தெய்வநாயகி. தேதியும் போட்டாள். எழுதியதைக் காற்றில் ஆற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஷஹர்பானு எட்டிப் பார்த்துவிட்டு, பட்டறைப் பச்சைச் சீட்டு ஒட்டுவதுதான் பாக்கி என்றாள்.

ஜாக்குலின் அவள் தோளில் கைவைத்தாள். "நீயே முன்னால போ தெய்வா. எனுக்கு அந்த வேலயே வேணாம். எங்க திரும்பணும்னே தெரியல, எல்லாரும் என்ன நம்பி வர்றாங்க, பேஜாரா கீது. நீ போனாத்தான் நேரத்துக்கு வூடு திரும்புவோம்."

ஆறு வாரமாக அவள் கேட்க நினைத்தது அந்த வார்த்தைதான். பெடலில் ஒரு காலை வைத்துக்கூட விட்டாள். பிறகு பார்த்தாள்: நான்கு பேரும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷஹர்பானு வாயை மூடிக்கொண்டு மிகவும் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காக்கள் கொடுத்து வாங்கிக்கொண்ட பாவாடைகளே போதும் என்று தோன்றியது.

"எங்கிட்ட குடுக்காத. நான் எடுத்துக்குவேன்" என்றாள். "பாலத்துல எடுத்துக்குவேன். இன்னிக்கு நீதான் முன் சைக்கிள், போ."

ஜாக்குலின் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள். தெய்வநாயகி இரண்டாவதாகச் சேர்ந்துகொண்டாள், பின்சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில். மாமல்லபுரம்வரை, அந்த மாட்டுவண்டி வேகத்தில், வேறு எதையும் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி, முன்னால் உருளும் சக்கரத்தின் நடுவில் காதை வைத்தபடியே ஓட்டினாள். ஒரு நறநறப்பு, ஒரு சின்ன டக், ஏதாவது வருகிறதா என்று. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரி தாண்டியும் எதுவும் வரவில்லை.